அம்மா, அப்பா, டீச்சர்... யாரும் உதவக் கூடாது!

குட்டீஸ், உங்களுக்கு ஒரு வேலை. ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி ஒன்று செய்ய வேண்டும். ஆனால், அந்த வண்டியில் சக்கரமே இருக்கக் கூடாது!

'அதெப்படி? சக்கரம் இல்லாமல் வண்டியா?' என்று தலையைச் சொறிகிறீர்களா? அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள கிளாஸ்பரோ கல்லூரி மாணவர்களும் முதலில் இப்படித்தான் விழித்திருப்பார்கள். அங்கே பொருள் வடிவமைப்புப் பாடம் நடத்திய பேராசிரியர் சாம் மிக்லஸ், தன் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட விசித்திர வேலைகளைத்தான் கொடுப்பார். சக்கரம் இல்லாத வண்டி, ஏரியைக் கடக்கும் மிதவை, தின்பண்டத்தைத் தூக்கி எறியும் எந்திரம்... இப்படி!

மதிப்பெண்ணும் வித்தியாசமாகத்தான் போடுவார். மிதவை அக்கரை சேர்ந்ததா என்பது மட்டும் அவருக்கு முக்கியமில்லை. யாரும் யோசிக்காத வழியில் யோசித்தாயா, துணிந்து செய்து பார்த்தாயா என்றும் பார்ப்பார்.

இந்தக் கூத்தைப் பார்க்க ஊரே திரண்டது. 'கல்லூரி அண்ணன்கள் மட்டும்தானா? எங்களுக்கும் வேண்டும்' என்று பள்ளிப் பிள்ளைகளும் ஆசைப்பட்டார்கள். 1978-ல் 28 பள்ளிகள் கலந்துகொண்ட முதல் போட்டி நடந்தது. அதுதான் பின்னாளில் 'ஒடிசி ஆஃப் தி மைண்ட்' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது. 'மனத்தின் நெடும்பயணம்' என்று பொருள் சொல்லலாம்.

தொட்டால் மார்க் போச்சு!

இந்தப் போட்டியில் தனி ஆளாகக் கலந்துகொள்ள முடியாது. ஒரு குழுவுக்கு அதிகபட்சம் ஏழு பேர். கொடுக்கப்படும் புதிரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். வண்டி செய்வது, கருவி செய்வது, நாடகம் போடுவது என்று ஒவ்வோர் ஆண்டும் புதிர்கள் மாறும். பொருள்களுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பும் உண்டு. பணக்காரப் பள்ளி என்பதற்காகக் காசை வாரி இறைக்க முடியாது. பழைய அட்டை, ஓட்டை பக்கெட், கிழிந்த துணி... இவைதான் பெரும்பாலும் கை கொடுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. பெரியவர்கள் யாரும் உதவக் கூடாது! யோசனை சொல்லக் கூடாது. ஒட்டித் தரக் கூடாது. வண்ணம் தீட்டித் தரக் கூடாது. மீறினால் மதிப்பெண் குறையும்.

'அப்படியென்றால் டீச்சருக்கு என்ன வேலை?' என்று கேட்கிறீர்களா? ரம்பம் பிடிப்பது எப்படி, ஊசி கோப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கலாம். 'இதை வேறு எப்படிச் செய்யலாம்?' என்று கேள்வி கேட்கலாம். பதிலைப் பிள்ளைகள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் ஊர்க் கதையை நினைத்துப் பாருங்கள். அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாடல் செய்யச் சொன்னால், ராத்திரி பதினொரு மணிக்கு யார் வீட்டில் யார் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்? அப்பாதானே! மறுநாள் பரிசு வாங்குவது யார்? சிரிக்காதீர்கள்!

இந்த விதியால், பிள்ளைகள் செய்த வண்டி கோணல் மாணலாக இருக்கலாம். பாதி வழியில் மக்கர் செய்யலாம். ஆனால், அது ஏன் நின்றது என்று கேட்டால் குழுவில் உள்ள ஏழு பேரும் பதில் சொல்வார்கள். அப்பா செய்து தந்த எரிமலையைப் பற்றிக் கேட்டால் அப்பாவைத்தானே கூப்பிட வேண்டும்?

பிள்ளைகளில் மிகச் சிறியவர்களுக்கு, அதாவது இரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு, இதில் வெற்றி தோல்வியே கிடையாது. மேடை ஏறித் தாங்கள் செய்ததைக் காட்டினால் போதும்.

இரண்டு நாணய எடை... தாங்குவதோ மூட்டை மூட்டையாய்!

இந்தப் போட்டியில் ஒரு புதிர் மிகப் பிரபலம். 'பால்சா' என்னும் லேசான மரக் குச்சிகளையும் பசையையும் மட்டும் வைத்து ஒரு சின்னக் கூண்டு செய்ய வேண்டும். உயரம் ஒரு ஸ்கேல் அளவுகூட இருக்காது. பல ஆண்டுகளில் அதன் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான்!

அதன் மேல் இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். நல்ல கூண்டு, நூற்றுக்கணக்கான கிலோவைத் தாங்கிக்கொண்டு நிற்கும். 'படார்' என்று நொறுங்கும் வரை அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

இதில் என்ன மாயம்? ஒரு நீளமான துடைப்ப ஈர்க்குச்சியை எடுத்து, இரண்டு முனையிலும் விரலால் அழுத்துங்கள். நடுவில் வளைந்துவிடும். அதையே பாதியாக ஒடித்து அழுத்துங்கள். எளிதில் வளைய மறுக்கும். நீளம் பாதியானால், வளைவதற்கு முன் அது தாங்கும் அழுத்தம் நான்கு மடங்கு ஆகிறது! நீளக் குச்சிகளுக்கு நடுவே குறுக்குக் குச்சிகளை ஒட்டுவது இதற்குத்தான். ஒரு பெரிய கால், பல குட்டிக் கால்களைப் போல ஆகிவிடுகிறது. மின்சாரக் கம்பி செல்லும் உயரமான கோபுரங்களை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். எங்கு பார்த்தாலும் குறுக்குக் கம்பிகளாகவே இருக்கும்.

தோற்ற பூச்சிக்குக் கிடைத்த பெருமை!

ஆரம்ப காலப் போட்டி ஒன்றில், தண்ணீரைக் கடக்க எல்லோரும் மிதவை செய்தார்கள். ஒருவர் மட்டும், தண்ணீரில் வாழும் நீளக்கால் பூச்சி ஒன்றைப் பார்த்து அதுபோலவே மிதவை செய்தார். பாவம், அது அக்கரை போய்ச் சேரவில்லை. ஆனால், 'இப்படியும் யோசிக்கலாமா!' என்று நடுவர்கள் வியந்தார்கள். மிகப் புதுமையான, துணிச்சலான முயற்சிக்கு இன்றும் இந்தப் போட்டியில் தரப்படும் விருதின் பெயர் 'ரனாட்ரா ஃபஸ்கா'. அது அந்த நீர்ப்பூச்சியின் அறிவியல் பெயர்! முதல் பரிசு வாங்காத குழுவுக்கும் இந்த விருது கிடைக்கலாம்.

விண்வெளியில் ஓர் உயிர்ப் போட்டி!

'இதெல்லாம் விளையாட்டுத்தானே? நிஜ வாழ்க்கையில் உதவுமா?' என்று சிலர் கேட்கலாம். 1970 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள்.

சந்திரனுக்குப் புறப்பட்டது அப்போலோ-13 விண்கலம். லவெல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் என்ற மூன்று வீரர்கள் அதில் இருந்தார்கள். பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோ மீட்டருக்கும் அப்பால் போனபோது, ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது! மூவரும், நிலவில் இறங்குவதற்காக வைத்திருந்த குட்டிக் கலத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அது இரண்டு பேர் இரண்டு நாள் தங்குவதற்கான கலம். இப்போதோ மூன்று பேர், நான்கு நாள்!

நாம் மூச்சு விடும்போது வெளிவரும் கரியமில வாயு, மூடிய கலத்துக்குள் சேர்ந்துகொண்டே போனால் உயிருக்கு ஆபத்து. அதை உறிஞ்சும் பெட்டிகள் குட்டிக் கலத்தில் போதவில்லை. பெரிய கலத்தில் நிறைய இருந்தன. ஆனால், அவை சதுரம். குட்டிக் கலத்தில் அவற்றைப் பொருத்த வேண்டிய துளையோ வட்டம்!

கடைக்குப் போய் வாங்க முடியுமா? பூமியில் பொறியாளர்கள் ஒன்றுகூடினார்கள். விண்கலத்துக்குள் என்னென்ன பொருள்கள் உண்டோ, அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் பை, புத்தக அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டும் டேப். அவ்வளவுதான்! வட்டத்துக்கும் சதுரத்துக்கும் பாலம் போடும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். செய்முறையை ஒவ்வொரு படியாக ரேடியோவில் வாசிக்க, மேலே இருந்த வீரர்கள் அப்படியே செய்தார்கள். காற்று சுத்தமானது. ஏப்ரல் 17-ந் தேதி மூவரும் பத்திரமாகப் பசிபிக் கடலில் இறங்கினார்கள்.

அட்டையும் டேப்பும் வைத்து விளையாடுவதை இனி யாராவது 'வெட்டி வேலை' என்றால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்!

எம்.பி.ஏ. அண்ணன்களை வென்ற கே.ஜி. வாண்டுகள்!

இன்னொரு வேடிக்கை. வேகாத ஸ்பகெட்டிக் குச்சிகள் 20, கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், மெத்தென்ற 'மார்ஷ்மெல்லோ' மிட்டாய் ஒன்று. 18 நிமிடத்தில் உயரமான கோபுரம் கட்டி, உச்சியில் மிட்டாயை வைக்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய இந்த விளையாட்டை, டாம் உஜெக் என்பவர் பலதரப்பட்ட குழுக்களிடம் நடத்திப் பார்த்தார். முடிவை 2010-ல் ஒரு மேடையில் சொன்னார்.

பிசினஸ் படிக்கும் பெரிய மாணவர்கள் சறுக்கினார்கள். கே.ஜி. படிக்கும் வாண்டுகள் அவர்களைவிட உயரமாகக் கட்டினார்கள்! எப்படி?

பெரியவர்கள் 'யார் தலைவர்?' என்று பேசினார்கள். திட்டம் போட்டார்கள். படம் வரைந்தார்கள். நேரம் முடியும் தறுவாயில் மிட்டாயை உச்சியில் வைத்தார்கள். கோபுரம் 'தொபுக்கடீர்'! வாண்டுகளோ முதல் நிமிடத்திலேயே மிட்டாயைக் குச்சியில் குத்திப் பார்த்தார்கள். விழுந்தது. மாற்றிக் கட்டினார்கள். மறுபடி விழுந்தது. மறுபடி மாற்றினார்கள். நேரம் முடிவதற்குள் பல தடவை தோற்றுவிட்டதால், எது நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால், அசல் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் வாண்டுகளையும் மிஞ்சிவிட்டார்கள். நல்லவேளை! இல்லையென்றால் நாம் எந்தக் கட்டடத்துக்குள் தைரியமாக நுழைவது?

நாமும் ஆடலாம்!

ஞாயிற்றுக்கிழமை தெரு நண்பர்களைக் கூட்டுங்கள். நான்கு பேருக்கு ஒரு டீம்.

1. ஈர்க்குச்சி கோபுரம்: 20 ஈர்க்குச்சிகள், ஒரு மீட்டர் நூல், ஒரு மீட்டர் டேப், கோலிக்குண்டு அளவு சப்பாத்தி மாவு உருண்டை. 18 நிமிடம். உருண்டை உச்சியில் இருக்க வேண்டும். சதுரமாகக் கட்டினால் சாயும். முக்கோணமாகக் கட்டிப் பாருங்கள். ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

2. பேப்பர் பாலம்: இரண்டு ஸ்டூல்களை ஒரு ஜாண் இடைவெளியில் வையுங்கள். நோட்டுத் தாள் ஒன்றுதான் பாலம். ஒட்டக் கூடாது. அதன் மேல் எத்தனை நாணயம் வைக்க முடியும்? சும்மா வைத்தால் தொங்கிவிடும். விசிறி மடிப்பாக மடித்துப் பாருங்களேன்!

3. கைபடாத கோபுரம்: ஒரு ரப்பர் பேண்டில் நான்கு நூல்களைக் கட்டுங்கள். ஆளுக்கு ஒரு நூல். நால்வரும் சேர்ந்து இழுத்தால் ரப்பர் விரியும். தளர்த்தினால் பேப்பர் கப்பைக் கவ்விப் பிடிக்கும். கையால் தொடாமல் ஆறு கப்புகளைக் கோபுரமாக அடுக்குங்கள். ஒருவர் அவசரப்பட்டாலும் கப் கீழே!

4. வாய்ப் போட்டி: 'உடைந்த குடையை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?' ஒரு நிமிடம் யோசிக்க, இரண்டு நிமிடம் பதில் சொல்ல. எல்லோரும் சொல்லும் பதிலுக்கு ஒரு மார்க். யாரும் எதிர்பார்க்காத பதிலுக்கு மூன்று மார்க்.

சண்டை வராமல் இருக்க...

டீம் என்றாலே, சத்தமாகப் பேசுபவரின் ஐடியாதான் ஜெயிக்கும். மூலையில் உட்கார்ந்திருக்கும் நண்பனிடம் நல்ல ஐடியா இருந்தாலும் வெளியே வராது. இதற்கு ஒரு வழி உண்டு. முதல் மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கொரு துண்டுத் தாளில் தங்கள் யோசனையை எழுதவோ வரையவோ வேண்டும். பிறகு எல்லாத் தாளையும் நடுவில் போட்டு ஒவ்வொன்றாகப் படியுங்கள். சேர்ந்து உட்கார்ந்து யோசிப்பதைவிட, தனித்தனியாக யோசித்தவற்றை ஒன்றாகத் தொகுத்தால் அதிக யோசனைகள் கிடைக்கும் என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1958-லேயே கண்டறிந்தார்கள்.

படிக்கும்போது 'சீ... இது வேலைக்கு ஆகாது' என்று யாரும் சொல்லக் கூடாது. 'இதோடு இன்னொன்றைச் சேர்த்தால்?' என்று கேளுங்கள். எந்த ஐடியா உதவாது என்று ஈர்க்குச்சியே சொல்லிவிடும்!

நம் நாட்டிலும் குழுவாகப் பிரச்னைகளைத் தீர்க்கும் முயற்சிகள் உண்டு. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ல் தொடங்கியது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்னைகளைத் தாங்களே ஆராய்ந்தார்கள். 2009-ல் அகமதாபாத்தைச் சேர்ந்த கிரண் பீர் சேத்தி என்ற ஆசிரியை 'டிசைன் ஃபார் சேஞ்ச்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். உணர்ந்து பார், கற்பனை செய், செய்து முடி, மற்றவரோடு பகிர்ந்துகொள். இதுதான் அதன் நான்கு படிகள்.

உங்கள் பள்ளியிலும் புதிர்களுக்கா பஞ்சம்? தண்ணீர்க் குழாய் அருகே தேங்கும் சேறு, மதியம் வீணாகும் சோறு, மழை நாளில் நனையும் செருப்புகள்... ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏழு பேர் சேருங்கள்.

அப்பா ஆர்வமாகப் பசையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் மட்டும், 'விதிப்படி நீங்கள் தொடக் கூடாது. வேடிக்கை மட்டும் பாருங்கள்' என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்!