பனிப்பாறைகள் மிதக்கும் களப்பு

உலகப் படத்தில் ஐரோப்பாவின் வடமேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தில் தனித்துக் கிடக்கும் தீவு ஐஸ்லாந்து. எரிமலையும் பனிக்கட்டியும் அருகருகே காணப்படும் விந்தையான நாடு அது. அதன் தென்கிழக்குக் கரையோரம், தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து சுமார் 370 கிலோ மீற்றர் தொலைவில், யோக்குல்சார்லோன் என்ற களப்பு இருக்கிறது. வீடளவு பெரிய பனிப்பாறைகள் இதில் அமைதியாக மிதந்து செல்லும் காட்சியைக் காண உலகெங்குமிருந்து உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர்.

பழைமையானது போல் தோன்றினாலும் இக்களப்பின் வயது ஒரு நூற்றாண்டு கூட இல்லை என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

களப்பு பிறந்த கதை

வட்னயோக்குல் என்ற மாபெரும் பனிப்படலம் ஐஸ்லாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதத்தை மூடியுள்ளது. அதிலிருந்து இறங்கும் பனிக்கட்டியாறு ஒன்று, 1890 ஆம் ஆண்டளவில் கடலை நெருங்கி நின்றது. பின்னர் வெப்பம் கூடவே அது உருகிப் பின்வாங்கத் தொடங்கியது. பனிக்கட்டி தோண்டிவிட்ட ஆழமான பள்ளத்தில் நீர் தேங்கி, 1930களின் நடுப்பகுதியில் களப்பு உருவாயிற்று.

1975 இல் இதன் பரப்பு சுமார் 8 சதுர கிலோ மீற்றர். இன்றோ அதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். ஆழம் 200 மீற்றரைத் தாண்டுகிறது. ஐஸ்லாந்தின் மிக ஆழமான ஏரி இதுவே. வற்றுப்பெருக்கின்போது கடல் நீரும் உள்ளே வருவதால் பனி இன்னும் விரைவாகக் கரைகிறது. அந்நீரோடு வரும் மீன்களைத் தேடிக் கடல்நாய்களும் வந்து, பனிப்பாறைகளின் மேல் படுத்து இளைப்பாறுகின்றன.

நீல நிறம் எங்கிருந்து வந்தது?

மேலும் மேலும் பெய்த பனியின் பாரத்தால் அடிப்பனி நசுங்கி, அதிலிருந்த காற்றுக் குமிழிகள் வெளியேறிவிடுகின்றன. இவ்வாறு இறுகிய பனிக்கட்டி சூரிய ஒளியின் சிவப்பை உறிஞ்சிக்கொள்ள, நீலம் மட்டும் நம் கண்ணை வந்தடைகிறது. சில பாறைகளில் காணப்படும் கறுப்புக் கோடுகள் பழைய எரிமலைகள் கக்கிய சாம்பலாகும்.

பாறையின் பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். உருகிச் சிறுத்தபின் அவை குறுகிய ஆற்று வழியே கடலைச் சேர்கின்றன. அலைகள் அவற்றில் சிலவற்றைக் கரிய மணற்கரையில் மீண்டும் ஒதுக்கிவிடும். கறுப்பு மணலில் அவை பளபளப்பதால் அந்த இடத்திற்கு ‘வைரக் கடற்கரை’ என்று பெயர்.

அழகும் ஆபத்தும்

கோடை காலத்தில் தரையிலும் நீரிலும் ஓடக்கூடிய படகு வாகனங்களில் பிரயாணிகளை அழைத்துச் செல்கின்றனர். பனிப்பாறை எந்த நேரமும் புரளலாம் என்பதால் அதன் மேல் ஏறுவது உயிராபத்தாகும். 2024 ஆகஸ்ட் மாதம் இதே பனிக்கட்டியாற்றைப் பார்க்கச் சென்ற குழுவினர் மீது பனிச்சுவர் இடிந்து விழுந்ததில் ஒருவர் உயிரிழந்தார்.

2017 இல் இக்களப்பு தேசியப் பூங்காவோடு இணைக்கப்பட்டது. 2019 இல் அப்பூங்கா யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஒரு சிறு பரிசோதனை

பிள்ளைகளுக்கு இதனைச் சமையலறையிலேயே விளக்கலாம். ஒரு கிளாசில் ஐஸ்கட்டி போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். மிதக்கும் கட்டி உருகினாலும் நீர் வழியாது. ஆனால் வெளியிலிருந்து இன்னொரு கட்டியைப் போட்டால் உடனே வழியும். நிலத்திலிருக்கும் பனி கடலுக்குள் வரும்போதும் இதுவே நடக்கிறது. உலகின் பனிக்கட்டியாறுகள் கரையக் கரையக் கடல் மட்டம் உயர்கிறது.

ஐஸ்லாந்திலேயே ‘ஓக்’ என்ற பனிக்கட்டியாறு, இனி அதனைப் பனிக்கட்டியாறு என்று சொல்ல முடியாது என 2014 இல் அறிவிக்கப்பட்டது. 2019 இல் அதற்கு நினைவுப் பலகையும் நாட்டினர். ஐக்கிய நாடுகள் சபை 2025 ஐப் பனிக்கட்டியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டாக அறிவித்து, மார்ச் 21 ஐ அதற்குரிய தினமாக்கியது.

யோக்குல்சார்லோன் ஆண்டுதோறும் விரிந்து வருகிறது. பனி தேய்வதால்தான் அது விரிகிறது. படங்களில் அதன் அழகைக் காணும்போது, இந்த உண்மையையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்.