வரிக்குப் பொம்மை, கைக்குப் பொறியியல்!

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: மத்திய அரசின் சுங்க வரிப் பட்டியலில் 9503 என்றொரு எண் உண்டு. குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, பொம்மைத் தள்ளுவண்டி, புதிர் விளையாட்டு ஆகியவற்றுடன், அளவு குறைக்கப்பட்ட மாதிரிகளும் "இயங்கினாலும் இயங்காவிட்டாலும்" இந்த ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. 2019-இல் லெகோ நிறுவனம் வெளியிட்ட 4,108 துண்டுகள் கொண்ட லீபெர் சுரங்க எக்ஸ்கவேட்டர் மாதிரிக்கும், கைக்குழந்தையின் கிலுகிலுப்பைக்கும் அரசின் பார்வையில் வேறுபாடு இல்லை.

வேறுபாடு இருக்கிறது என்கிறார்கள் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருப்பவர்கள். கார், லாரி, கிரேன் போன்ற வாகனங்களைப் பிளாஸ்டிக் துண்டுகளால் அமைப்பதுடன் அவர்கள் நிற்பதில்லை. உள்ளே கியர் பாக்ஸ் மாற வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்ப வேண்டும். மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கி எழ வேண்டும். வெளித்தோற்றத்தை மட்டும் அச்சாகக் கொண்டுவரும் மாதிரிகளிலிருந்து இது முற்றிலும் மாறுபட்ட கலை.

இதன் அடிப்படை மிக எளிய ஒரு கணக்கு. துளைக்கும் துளைக்கும் இடையே 8 மில்லிமீட்டர் தூரம். எட்டுப் பல் கொண்ட சிறு கியரின் ஆரம் 4 மி.மீ.; 24 பல் கியருக்கு 12; 40 பல் கியருக்கு 20. எட்டுப் பல் கியரையும் 24 பல் கியரையும் சேர்த்தால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு துளை இடைவெளி. எட்டும் நாற்பதும் சேர்ந்தால் மூன்று இடைவெளி. ஆகவே எந்தக் கியர் எதனுடன் எங்கே கோக்கும் என்பதைச் சிறுவனும் விரல்விட்டு எண்ணிவிடலாம். எட்டுப் பல் நாற்பதைச் சுழற்றும்போது வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. உராய்வில் போவது போக, திருப்பும் விசை ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. பொறியியல் கல்லூரியில் கரும்பலகையில் எழுதப்படும் பாடம் இங்கே மேஜை மீது சுழல்கிறது.

தில்லியில் இருப்பவர்களுக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார் ஒரு காலத்தில் நாடாளுமன்ற வளாகத்தில் வெள்ளை வெள்ளையாக வரிசைகட்டி நின்றது. அதை அமைக்க முற்படுபவர் முதலில் தேடுவது டயரைத்தான். அசல் டயரின் விட்டம் சுமார் 65 செ.மீ.; கைவசம் உள்ள பிளாஸ்டிக் டயர் 62 மி.மீ. என்றால், மாதிரி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவு என்று முடிவாகிவிடுகிறது. 4.3 மீட்டர் நீளமுள்ள கார் 43 செ.மீ. ஆகச் சுருங்கும், அதாவது 54 துளைகள். இந்த 54 துளைகளுக்குள் முன்னால் எஞ்சின், நடுவில் கியர் பாக்ஸ், பின்சக்கரங்களுக்குச் செல்லும் நீண்ட அச்சு, அதன் முனையில் டிஃபரன்ஷியல் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். அந்த உருண்டை முகப்பைச் சதுரத் துண்டுகளால் கொண்டுவருவது தனித் தலைவலி!

ஆட்டோ ரிக்ஷா அதைவிட எளிது என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். எஞ்சின் பின்னால் இருக்கிறது. பின்சக்கரங்கள் இரண்டும் ஓட்டப்படுகின்றன. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். டிஃபரன்ஷியல் இல்லாமல் இரண்டையும் ஒரே அச்சில் பூட்டினால் சக்கரம் தரையில் தேய்ந்து இழுபடும், வண்டி திரும்ப மறுக்கும். குறுகிய இடத்தில் அதைப் பொருத்துவதில்தான் அமைப்பவரின் திறமை தெரியும்.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் 1932-இல் ஒரு தச்சர் தொடங்கிய நிறுவனம் லெகோ. இன்றைய துண்டுக்கு அது காப்புரிமை கோரி விண்ணப்பித்தது 1958 ஜனவரியில். பின்னாளில் டெக்னிக் எனப் பெயர் பெற்ற இயந்திர வரிசை 1977-இல் தொடங்கியது; அந்த ஆண்டே வெளிவந்த கார் அடிச்சட்டத்தில் பிஸ்டன்கள் மேலும் கீழும் அசைந்தன. 2018-இல் அதே நிறுவனத்தின் குழு, அசல் அளவில் புகாட்டி சிரோன் காரைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளால் அமைத்தது. பொம்மை மோட்டார்கள் 2,304 சேர்ந்து சுமார் ஒன்றரை டன் எடையுள்ள அந்தக் காரை, ஆள் ஏற்றி, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓட்டின. அதன் திறன் 5.3 குதிரை சக்தி மட்டுமே. அசல் காருக்கோ 1,500.

துண்டின் அடிப்படைக் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. துண்டின் மேலுள்ள குமிழ் அமைப்பை வணிகச் சின்னமாகக் காக்க முடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது; ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-இல் துண்டின் வடிவத்துக்கு அவ்வாறே தீர்ப்பளித்தது. எனவே சட்டத்தின் கதவு எவருக்கும் திறந்தே இருக்கிறது. சதர் பஜாரில் பெயர் தெரியாத பெட்டிகள் குவிந்திருப்பதற்குக் காரணமும் அதுவே. துல்லியம்தான் தடை. துண்டின் அளவு இம்மியளவு பிசகினாலும், தனியாகப் பார்த்தால் தெரியாது. ஐம்பது துண்டு தொடர்ந்தால் அச்சு சிக்கிக்கொள்ளும், கியர் பல் தாண்டும்.

இந்தப் பின்னணியில்தான் தில்லியின் கொள்கையைப் பார்க்க வேண்டும். இறக்குமதிப் பொம்மைகளில் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை என்று இந்தியத் தரக் கவுன்சில் 2019-இல் கண்டறிந்தது. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023-இல் 70 ஆனது. தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020 ஆகஸ்டில் "மனதின் குரல்" உரையில் பிரதமர் சன்னபட்டணா, கொண்டபள்ளி ஆகியவற்றுடன் தஞ்சாவூரையும் பொம்மைகளுக்காகக் குறிப்பிட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். பலன் கிடைக்காமல் இல்லை. 2018-19-இல் 37.1 கோடி டாலராக இருந்த இறக்குமதி 2021-22-இல் 11 கோடி டாலராகச் சரிந்தது, ஏற்றுமதி 20.2 கோடியிலிருந்து 32.6 கோடி டாலராக வளர்ந்தது. நச்சு வண்ணம் பூசிய மலிவுப் பொம்மைகளிடமிருந்து குழந்தையையும், கைவினைஞரையும் காப்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ஆனால் அதே வலையில் இயந்திர மாதிரிகளும் சிக்கியுள்ளன. வெளிநாட்டில் 10,000 ரூபாய் மதிப்புள்ள பெட்டிக்கு 70 சதவீத விகிதத்தில் அடிப்படைச் சுங்கமே 7,000 ரூபாய்; பிற வரிகளும் கடைக்காரரின் லாபமும் அதற்கு மேல். 2025-இல் குருகிராமில் லெகோவின் முதல் அங்கீகாரம் பெற்ற கடை திறக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் பாலிடெக்னிக் மாணவருக்கு அதனால் என்ன பயன்?

இதைவிட விந்தை, வயதைப் பற்றிய குழப்பம். தரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருளே பொம்மை. 2020 முதல் சில பெட்டிகளில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றே லெகோ அச்சிடுகிறது. சுங்கப் பட்டியலோ வயதைக் கேட்பதே இல்லை. ஆக, ஓர் ஆணையில் பொம்மை அல்லாதது இன்னொரு பட்டியலில் பொம்மையாகி வரி கட்டுகிறது. ஜிஎஸ்டியில் கதை வேறு. 2025 செப்டம்பரில் சாதாரணப் பொம்மைகளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மின்னணுப் பொம்மைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. கையால் தள்ளும் லாரிக்கு ஒரு விகிதம், மோட்டார் வைத்து ஓடும் லாரிக்கு வேறு விகிதம் என்றால், கற்றலுக்கு அதிக வரி என்றுதானே பொருள்?

உள்நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மெக்கானிக்ஸ் இரும்புப் பட்டைகளைத் திருகி வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. தில்லி ஐஐடி முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ஸ்மார்ட்டிவிட்டி நிறுவனம் மரப்பலகைத் துண்டுகளில் இயந்திரங்களை விற்கிறது. பிளாஸ்டிக் அச்சுத் தொழிலுக்கு 1968-இல் சென்னையில் தொடங்கிய மத்திய நிறுவனமான சிப்பெட் இருக்கிறது. உலகக் கார் நிறுவனங்களுக்குக் கியர் வார்த்துத் தரும் ஆலைகளும் நம்மிடம் உண்டு. துல்லியமான பிளாஸ்டிக் கியர் இந்நாட்டுக்கு எட்டாத கனியல்ல. அது பரவலாக வரும் வரையிலாவது கியர், அச்சு, மோட்டார் போன்ற உதிரித் துண்டுகளைப் பொம்மைத் தலைப்பிலிருந்து பிரித்துக் குறைந்த விகிதத்தில் அனுமதிப்பது தஞ்சாவூர்ப் பொம்மைக்கு எந்தப் பாதிப்பையும் ஏற்படுத்தாது.

2025 பட்ஜெட் உரையில், இந்தியாவைப் பொம்மைகளின் உலக மையமாக்கத் திட்டம் வகுக்கப்படும் என நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதில் இந்த உதிரித் துண்டுகளுக்கு ஒரு வரி ஒதுக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் கீழ், அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட நிதியமைச்சகத்துக்கு அதிகாரம் இருக்கிறது.