அடுத்த அலமாரியில் என்ன இருக்கிறது?

"லைப்ரரிக்குப் போகிறேன், உனக்கு என்ன வேண்டும்?" என்று வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? "ஏதாவது நல்ல நாவலாகப் பார்த்துக் கொண்டு வாருங்கள்" என்றுதானே? புடைவை விஷயத்தில் இப்படிச் சொல்வீர்களா? நேரிலே போய், பத்துப் புடைவையைப் பிரித்துப் பார்த்தால்தான் உங்களுக்கு மனம் சமாதானப்படும். புத்தகத்தை மட்டும் பிறர் கையில் விட்டுவிடலாமா?

கூடாது என்பதுதான் எஸ். ஆர். ரங்கநாதனின் கட்சியும். 1892-ல் சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணிதம் போதித்து வந்த அவர், 1924-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகர் ஆனார். நூலகங்களுக்கென்று ஐந்து விதிகளை வகுத்து 1931-ல் வெளியிட்டார். எந்தப் புத்தகத்துக்கும் அதற்கு ஏற்ற வாசகர் எங்கோ இருக்கிறார் என்பது அவற்றில் ஒன்று. அலமாரியைப் பூட்டி வைத்தால் அந்த இருவரும் சந்திப்பது எப்படி? ஆகையால் வாசகர்கள் தாங்களே அலமாரிகளிடையே உலாவி, எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

"அத்தனை புத்தகங்களுக்கு நடுவே எங்கே போய் நிற்பது?" என்று மலைக்கிறீர்களா? புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். ஓர் எண் இருக்கும். அமெரிக்கரான மெல்வில் டியூவி 1876-ல் வெளியிட்ட முறையைப் பல நூலகங்கள் பின்பற்றுகின்றன. அதில் சமையலுக்கு எண் 641. உங்களுக்குப் பழக்கமான இடந்தானே? அங்கிருந்தே புறப்படுங்கள்! நாலடி நகர்ந்தால் 646-ல் தையல், 649-ல் குழந்தை வளர்ப்பு. பின்பக்கம் திரும்பினால் 630-ல் விவசாயமும் தோட்டமும், 610-ல் மருத்துவம். இன்னும் போனால் 580-ல் தாவர சாஸ்திரம், 520-ல் நட்சத்திரங்கள்! குழம்பில் தொடங்கிய பயணம் வானத்தில் போய் நிற்கிறது, பார்த்தீர்களா?

நாவல் படிப்பது தவறென்று சொல்ல வரவில்லை. ஆனால், "பெண்களுக்கு இது போதும்" என்று யாரோ எடுத்து வந்ததையே வருஷக் கணக்கில் படித்துக் கொண்டிருந்தால், உங்களுக்கென்றே காத்திருக்கும் புத்தகம் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். அது நட்சத்திரங்களைப் பற்றியதாக இருக்கலாம். பறவைகளைப் பற்றியதாகவும் இருக்கலாம். போய்ப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

அடுத்த தடவை நீங்களே புறப்படுங்கள். இரண்டு புத்தகம் உங்கள் இஷ்டப்படி எடுங்கள். மூன்றாவதை இதுவரை எட்டிப் பார்க்காத அலமாரியிலிருந்து எடுங்கள். பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு, முதல் பத்துப் பக்கம் படியுங்கள். பிடிக்கவில்லையா? திருப்பிக் கொடுத்துவிடலாம், காசா, பணமா? பிடித்துவிட்டதோ, அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் என்மேல் பழி போடாதீர்கள்!