லைன் போன சாலையில் மூன்று நாள்

மொத்த வியாபாரத்தில் உள்ள மூத்தவர்களுக்கு ‘லைன் போவது’ என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ரெக்சின் பையில் பற்று நோட்டு, ஆர்டர் புத்தகம், மாற்று வேட்டி சட்டை இவற்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஊர் ஊராக இறங்கி, பழைய பாக்கியை வசூலித்துப் புது ஆர்டர் எழுதி வருவதற்கு அந்தப் பெயர். இன்று ஆர்டர் செல்போனில் வருகிறது, பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம்மிடம் சரக்கு எடுப்பவர் கடை எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது நின்றுபோனது.

சென்ற ஆண்டு வைகாசியில் சென்னையில் உறவினர் வீட்டுத் திருமணம். குடும்பத்தார் ரயிலில் திரும்பிவிட்டார்கள். காரை விருதுநகருக்குக் கொண்டுவரும் வேலை எனக்கு. 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். காலையில் கிளம்பினால் மாலையில் வீடு. நான் தனியாகவே புறப்பட்டு, மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். நால்வழிச் சாலை வந்த பிறகு விழுப்புரமும் பெரம்பலூரும் வெறும் பெயர்ப்பலகைகளாகிவிட்டன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து சுங்கச்சாவடியில்கூட யாரிடமும் பேச வேண்டியதில்லை. வழியிலுள்ள நண்பர்களைப் பார்க்காமல் இந்தச் சாலையில் வருவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை, சாப்பிட்டவுடன் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்ற இரண்டு கட்டுப்பாடுகள் மட்டும் வைத்துக்கொண்டேன். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது அவசியம்.

விழுப்புரத்தில் பிரிந்து முதலில் பண்ருட்டி. பலாச் சீசன், சாலையோரமெல்லாம் பழம் குவிந்து கிடந்தது. முந்திரி நண்பர் தொழிற்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டையை வைத்தே தொழில் நடக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். அவர் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனை நம் சில்லறைக் கடைக்காரர்களுக்கு உதவும். டின்னில் 320 என்று போட்டிருந்தால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு என்று அர்த்தம். நாம் 100 கிராம் நிறுத்து எண்ணினால் 66 முதல் 71க்குள் வரவேண்டும். 240 என்றால் 48 முதல் 53. எண்பதைத் தாண்டினால் 320 விலைக்குச் சின்னப் பருப்பைத் தள்ளிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். “எண்ணிப் பார்க்கிற கடைக்காரருக்கு யாரும் மாற்றி அனுப்பமாட்டாங்க அண்ணாச்சி” என்றார். அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கினேன்.

மறுநாள் உளுந்தூர்பேட்டை வழி. உளுந்து வியாபாரம் செய்பவன் அந்த ஊரைச் சும்மா தாண்ட முடியுமா? உளுந்தாண்டார் கோயிலில் கும்பிட்டேன். மிளகு மூட்டையைக் கொண்டுபோன வியாபாரி, கேட்டவரிடம் உளுந்து என்று பொய் சொல்ல, சந்தையில் பிரித்தபோது அத்தனையும் உளுந்தாகவே இருந்தது என்பது அந்தத் தலத்துக் கதை. இன்றைய விலை வித்தியாசத்தில் அந்த மனிதர் எவ்வளவு நஷ்டப்பட்டிருப்பார் என்று மனம் கணக்குப் போடுகிறது! பெரம்பலூர் நண்பர் ஊரில் இல்லை. கடைப் பையனிடம் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திருச்சிக்குப் போனதற்கு நட்பு மட்டும் காரணமில்லை. காந்தி மார்க்கெட் பக்கம் 40 ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்த ஓர் அண்ணாச்சி, வயது 74. அவர் பெயருக்குச் சரக்கு போட எங்கள் ஊர் மண்டிகளில் யாரும் யோசித்ததில்லை. ஆறு மாதமாக அவர் ஆர்டர் சுருங்கியது. 50 மூட்டை பருப்பு எடுத்த இடத்தில் 10 மூட்டை. வத்தல் அறவே இல்லை. உடனே எங்கள் மார்க்கெட்டில் பேச்சு கிளம்பிவிட்டது: ‘அண்ணாச்சி ஆட்டம் கண்டுவிட்டார், மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கப் போகிறார்.’ ஒரு மண்டியில் ரொக்கம் வந்தால்தான் லாரியில் ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டார்கள். 30 நாள் தவணையில் சரக்கு போட்ட இன்னொருவர் பத்தாம் நாளே போனில் நெருக்கியிருக்கிறார். எனக்கும் 1,80,000 ரூபாய் வரவேண்டியிருந்தது.

கடைக்குள் நுழைந்ததும், “வாங்க தம்பி, நீங்களும் வசூலுக்கா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். “சாப்பாட்டுக்கு வந்தேன் அண்ணாச்சி” என்றேன். அவரே கிட்டங்கிக்கு அழைத்துச் சென்றார். பாதிக்கு மேல் காலி. ஆனால் இருந்த மூட்டைகள் அத்தனையும் புதுச் சரக்கு. பூச்சி இல்லை, எலி கடித்த சாக்கு இல்லை. விழுகிற கடையின் கிட்டங்கி அப்படி இருக்காது. அங்கே விற்காத சரக்கு மலைபோல் தேங்கும், தினம் விற்கிற சரக்குக்குத்தான் தட்டுப்பாடு வரும். இங்கே நேர்மாறாக இருந்தது. இவர் விழவில்லை, வேண்டுமென்றே சுருக்குகிறார் என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேரேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பெண்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில். கடையை ஏற்க ஆளில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவரிடம் எடுத்த சில்லறைக் கடைகளுக்குக் கம்பெனி வேனே நேராகப் போகிறது. தை மாதத்தோடு கடையை முடித்துக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறார். கொடுக்க வேண்டியவர்கள் 23 பேர். சிறிய தொகைகளை முதலில் தீர்த்து, 14 பேர் பெயருக்கு எதிரே கோடு போட்டிருந்தார்.

“இதை முன்னாலேயே எல்லாரிடமும் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி, இந்தப் பேச்சுக்கு இடமிருக்காதே” என்றேன்.

“சொன்னால் எனக்குத் தரவேண்டிய சில்லறைக் கடைக்காரர் ஒருத்தராவது கொடுப்பாரா தம்பி? மூடப்போகிற கடைக்கு யார் பாக்கி கட்டுவா? அது வந்தால்தானே நான் உங்களுக்கெல்லாம் கொடுக்க முடியும்?”

எனக்குப் பதில் வரவில்லை. வெளியே சொன்னால் வரவு நின்றுவிடும். சொல்லாவிட்டால் பெயர் கெடும். சரக்கு போடுகிறவர்களிடம் மறைப்பது முறையா என்று சிலர் கேட்கலாம். மொத்த வியாபாரியான எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. அதனால் கணக்கையே பார்த்தேன். கையிருப்புச் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் சேர்ந்தால் கொடுக்க வேண்டியதைவிடக் கூடுதலாகவே நின்றது. பாக்கியில் நாலில் ஒரு பங்கு வராமல் போனாலும் தாங்கும். இடையில் சரக்கு நின்றால்தான் ஆபத்து. தை வரை கடை ஓடினால்தான் பாக்கிக்காரர்கள் வந்துபோவார்கள். அவருக்குப் பேச்சைவிட, மாதம் நாலு லோடு சரக்கு வந்து இறங்குவதுதான் தேவை.

மூன்றாம் நாள் துவரங்குறிச்சியிலிருந்து நத்தம் பக்கம் திரும்பினேன். அங்கே புளி வியாபாரியான நண்பர் குளிர்பதனக் கிடங்கில் வைத்த புளியையும் வெளியே வைத்ததையும் அருகருகே காட்டினார். ஒரே மரத்துப் புளிதான். வெளியே இருந்தது கறுக்கத் தொடங்கிவிட்டது. வாடகையைக் கணக்கிட்டால் யாருக்கு லாபம் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். மதியச் சாப்பாடு அங்கே. மதுரையில் நிற்காமல் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்தேன்.

மறுநாள் காலை மண்டிகளுக்குப் போனேன். கடை மூடப்போவதை நான் சொல்லவில்லை. அது அவருடைய ரகசியம். “கிட்டங்கியைப் பார்த்தேன், பேரேட்டையும் பார்த்தேன். நான் இன்று 15 மூட்டை உளுந்து தவணையில் ஏற்றுகிறேன். மற்றது உங்கள் விருப்பம்” என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேர் அந்த வாரமே சரக்கு போட்டார்கள். ரொக்கம் கேட்டவர் ரொக்கத்திலேயே நின்றார்.

அண்ணாச்சி சொன்னபடியே தை மாதம் கடைச் சாவியை ஒப்படைத்துவிட்டார். எனக்கு வரவேண்டியது கார்த்திகையில் வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்கும் மார்கழிக்குள் தீர்ந்துவிட்டது. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவருக்குத் தரவேண்டிய சில்லறைக் கடைக்காரர்களில் நான்கு பேர் மட்டும் இன்னும் கணக்கை முடிக்கவில்லை.