இடத் தரவு மாற்றத்தில் ஆயத்தொலை முறைகள்

பூமியின் மீதுள்ள ஓர் இடத்தை இரண்டு எண்களால் குறிக்கலாம் என்பது பள்ளி மாணவர் யாவரும் அறிந்ததே. ஆயினும் அவ்வெண்கள் தாமாக எந்த இடத்தையும் சுட்டுவதில்லை. அவை எந்த அளவையில் எழுதப்பட்டவை, எந்தக் கோட்டிலிருந்து எண்ணப்பட்டவை, பூமியின் உருவம் எத்தகையது என்று கொண்டு கணக்கிடப்பட்டவை ஆகிய மூன்று செய்திகளும் உடனிருந்தாலன்றி அவை பொருள் தரா. காகிதப் படத்தில் இச்செய்திகள் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் கோப்பில் இவை தனியே பதிவாகியிருத்தல் வேண்டும். பதிவு இல்லாதவிடத்து, கோப்பை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்றுபவரே அவற்றை எடுத்துக் கூற வேண்டும். தரவு மாற்றும் மென்பொருள்களில் காணப்படும் உள்ளீட்டு அமைப்புகள் என்னும் பகுதி இதற்காகவே ஏற்பட்டது.

பிழைகளின் அளவு

இவ்வமைப்புகளில் நேரும் பிழைகளை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஆக்ராவிலுள்ள தாஜ்மஹால், வட அட்சரேகை 27 பாகை 10½ நிமிடத்திலும், கீழைத் தீர்க்கரேகை 78 பாகை 2½ நிமிடத்திலும் அமைந்துள்ளது. தசம முறையில் இவை முறையே 27.175, 78.042 ஆகும்.

முதலாவது, வரிசைப் பிழை. சில கோப்புகளில் அட்சரேகை முதலிலும், வேறு சிலவற்றில் தீர்க்கரேகை முதலிலும் வரும். ஜியோஜேசன், கே.எம்.எல். ஆகிய இரு வடிவங்களிலும் தீர்க்கரேகையே முதலில் எழுதப்படுகிறது. வரிசை மாறினால் தாஜ்மஹால் ஆர்க்டிக் சமுத்திரத்தில், ஸ்வால்பார்டு தீவுகளின் அருகே சென்று நிற்கும்.

இரண்டாவது, மண்டலப் பிழை. யு.டி.எம். எனப்படும் முறையில் பூமி ஆறு பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியா 42 முதல் 47 வரையுள்ள மண்டலங்களில் பரந்து கிடக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் நடுத் தீர்க்கரேகைக்கு 5,00,000 மீட்டர் என்று மதிப்பளித்து, அதிலிருந்து கிழக்கும் மேற்கும் எண்ணப்படுவதால், ஒரே எண்கள் எல்லா மண்டலங்களிலும் திரும்பத் திரும்ப வரும். 78 பாகைக் கோடு 43, 44 ஆகிய மண்டலங்களின் எல்லையாகும். தாஜ்மஹால் அக்கோட்டிற்குச் சற்றே கிழக்கில், 44-ஆம் மண்டலத்தில் உள்ளது. அதன் எண்களை 43-ஆம் மண்டலத்தைச் சேர்ந்தவை என்று கூறிவிட்டால், அது ஏறக்குறைய 590 கிலோமீட்டர் மேற்கே விலகி, ராஜஸ்தானத்துப் பலோடி நகருக்கு அப்பால் பாலை நிலத்தில் தோன்றும்.

மூன்றாவது, பின்னப் பிழை. 27 பாகை 10½ நிமிடத்தை 27.105 என்று எழுதிவிடுவது களப் பதிவேடுகளில் எளிதில் நேரக்கூடியது. ஒரு பாகைக்கு 60 நிமிடங்கள் என்பதை மறந்ததன் விளைவாக இடம் தெற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நகர்ந்துவிடும்.

நான்காவது, ஆதார அளவீட்டுப் பிழை. டேட்டம் என்று வழங்கும் இவ்வாதாரத்தைத் தவறாகக் கூறினால் நேரும் விலகல் ஆக்ராவில் சுமார் 135 மீட்டர் மட்டுமே. எனினும் நான்கனுள் மிகவும் அபாயகரமானது இதுவே. சமுத்திரத்தில் நிற்கும் மாளிகையைக் கண்ட மாத்திரத்தில் எவரும் திருத்திவிடுவர். 135 மீட்டர் விலகிய கிணறோ அதே கிராமத்தில்தான் காணப்படும். ஆனால் வேறொருவருடைய நிலத்தில் காணப்படும். இழப்பீடோ கடனுதவியோ அப்படத்தைக் கொண்டு முடிவு செய்யப்படுமாயின், பிழையின் பயனை அனுபவிப்பவர் அதனைச் செய்தவர் அல்லர்.

எவரெஸ்ட் கோளவுரு

இவ்விலகலின் காரணம் இந்திய நில அளவையின் வரலாற்றில் உள்ளது. ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் கணித்த பூமியின் உருவமே எவரெஸ்ட் கோளவுரு எனப்படுகிறது. அதன் நெட்டரை அச்சு 6,377,276 மீட்டர். மத்தியப் பிரதேசத்திலுள்ள கல்யாண்பூரை மூலமாகக் கொண்டு, இக்கோளவுருவின் மீதே நாட்டின் பழைய தலப்படங்கள் கணக்கிடப்பட்டன. ஜி.பி.எஸ். கருவிகள் பின்பற்றும் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையிலோ அந்த அச்சு 6,378,137 மீட்டராகும். முன்னது இந்திய நிலப்பரப்புக்குப் பொருந்துமாறு அமைக்கப்பட்டது. பின்னது பூமியின் மையத்தை ஆதாரமாகக் கொண்டு உலகம் முழுமைக்கும் அமைக்கப்பட்டது. இரண்டும் தத்தம் நோக்கில் சரியானவையே. ஒன்றின் எண்களை மற்றொன்றினுடையவையாகக் கொள்வதே தவறு.

எவரெஸ்ட் என்ற பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் போதாது. ஆதியில் இந்திய அடிக்கணக்கில் இருந்த அளவை மீட்டருக்கு மாற்றுகையில் வெவ்வேறு விகிதங்கள் கையாளப்பட்டமையால், நெட்டரை அச்சு 6,377,301 மீட்டர் என்று கொண்ட வகையும் பட்டியல்களில் உண்டு. ஆதலின் பெயரோடு எண்ணையும் ஒப்பிட்டுக் கொள்ளுதல் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைப்படி, பொதுமக்களுக்கான திறந்த வரிசைப் படங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 ஆதாரத்திலும் யு.டி.எம். முறையிலும் அமைக்கப்பட்டன. எனவே பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒருங்கே கையாளும் அலுவலகத்தில் இரு ஆதாரங்களும் கலந்தே இருக்கும்.

அறிவித்தலும் மாற்றுதலும்

கியூ.ஜி.ஐ.எஸ். முதலிய மென்பொருள்களில் இரு வேறு கட்டளைகள் உள்ளன. ஒன்று, கோப்பின் ஆயத்தொலை முறை இன்னதென்று அறிவிப்பது. இதனால் எண்களில் ஒன்றும் மாறுவதில்லை. மற்றொன்று, எண்களைக் கணக்கிட்டு வேறொரு முறைக்கு மாற்றுவது. அறிவித்தல் என்பது தரவின் பிறப்பைப் பற்றிய சாட்சியம். மாற்றுதல் என்பது அதன்மீது செய்யப்படும் செயல். எவரெஸ்ட் ஆதாரத்தில் எழுந்த கோப்பை டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று அறிவித்துவிட்டு, மாற்றிவிட்டதாக எண்ணுவதே பெரும்பாலான குழப்பங்களுக்கு மூலம். முதலில் உள்ளதை உள்ளபடி அறிவித்து, அதன் பின்னரே வேண்டியதாக மாற்றுதல் முறையாகும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

1. மூலக் கோப்பின் பிரதி ஒன்றை மாற்றமின்றிப் பாதுகாக்க வேண்டும்.

2. ஷேப் கோப்பாயின், பி.ஆர்.ஜே. என்று முடியும் துணைக் கோப்பு உடன் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஆயத்தொலை முறை அதில்தான் எழுதப்பட்டிருக்கும். அது இல்லையெனில் மூலப் படத்தின் ஓரக் குறிப்பையோ, தரவு தந்த அலுவலகத்தையோ நாட வேண்டுமேயன்றி, மென்பொருள் தானாகக் காட்டும் முறையை ஏற்றுக்கொள்ளலாகாது.

3. முறையைப் பெயரால் மட்டுமன்றி ஈ.பி.எஸ்.ஜி. எண்ணாலும் குறித்தல் நலம். டபிள்யூ.ஜி.எஸ். 84 அட்ச தீர்க்கரேகைகளுக்கு 4326. அதே ஆதாரத்தில் யு.டி.எம். வடக்கு 43, 44-ஆம் மண்டலங்களுக்கு முறையே 32643, 32644.

4. ஊர்ப் பெயர்கள் இந்திய மொழிகளில் இருப்பின், எழுத்துக் குறியீட்டை யு.டி.எஃப்.-8 என்று அமைத்து, சில பெயர்களைப் படித்துப் பார்க்க வேண்டும்.

5. மாற்றிய பின், படத்தின் வெவ்வேறு பகுதிகளில் நன்கறிந்த பாலம், சாலைச் சந்திப்பு போன்ற நான்கைந்து இடங்களைச் சரிபார்க்க வேண்டும். எல்லா இடங்களும் ஒரே திசையில் நூறு மீட்டர் அளவில் விலகியிருப்பின், ஆதார அளவீட்டையே முதலில் ஐயுறுதல் தகும்.

6. கையாண்ட அமைப்புகளைத் தேதியுடன் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

இப்பொருளை வகுப்பறையிலும் எளிதில் விளக்கலாம். 1:50,000 அளவுள்ள பழைய தலப்படத்தில், உள்ளூர்ப் பாலம் ஒன்றின் அட்ச தீர்க்கரேகைகளை மாணவரைக் கொண்டு கவனமாக அளக்கச் செய்க. பின்னர் அப்பாலத்தின் மீது நின்று கைப்பேசி காட்டும் எண்களைக் குறித்து வரச் செய்க. அவ்வளவுள்ள படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். இரண்டு அளவுகளுக்கும் இடையே சில மில்லிமீட்டர் வேறுபாடு தோன்றும்போது, அளந்த மாணவரின் கை தவறியதா, அன்றி ஆதாரம் வேறுபட்டதா என்ற வினாவை எழுப்பலாம். பல மாணவர் தனித்தனியே அளந்தும் வேறுபாடு ஒரே திசையில் நிற்குமாயின், விடையை அவர்களே கண்டுகொள்வர்.