ரயிலுக்காகப் பெட்டியைத் திறக்காதீர்கள்

மார்க்லின் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த ‘இசட்’ வகை மாதிரி ரயில் உள்ளங்கையில் அடங்கிவிடும். அசலில் 220-இல் ஒரு பங்குதான். அதன் மோட்டாருக்கு 8 முதல் 10 வோல்ட் போதும். ஆனால் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெரிய ரயிலுக்கான 12 வோல்ட் கன்ட்ரோலர். பழைய பெட்டிகள் சில அதற்கும் மேலே கொடுக்கும். மோட்டார் கருகிவிடுமே என்று பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றுகிறார்கள் பலர். தயவுசெய்து வேண்டாம்.

உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுற்றில் வீட்டு மின்சாரம், 230 வோல்ட். மற்றதில் தண்டவாளத்துக்கான குறைந்த அழுத்தம். இரண்டும் ஒன்றையொன்று தொடாததால்தான் குழந்தை தண்டவாளத்தில் கைவைத்தாலும் ஷாக் அடிப்பதில்லை. சுற்றைப் பிரித்துக் கட்டும்போது அந்தக் காப்பு பழுதாகலாம். ரயில் அப்போதும் ஓடும் என்பதால் யாருக்கும் தெரியாது. பிளக் பக்கம் ஃபேன் ரெகுலேட்டரைச் சேர்த்துக் குறைப்பதும் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மர் கடுமையாகச் சூடேறும்.

குறைப்பதைப் பெட்டிக்கு வெளியே செய்யலாம். முதலில் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். தண்டவாளத்துக்குப் போகும் ஒரு வயரில், டையோடுகளை எதிரெதிர் ஜோடிகளாக வரிசையில் இணைத்தால் ஜோடிக்குச் சுமார் 0.7 வோல்ட் குறையும். ரயில் முன்னும் பின்னும் ஓடும். ஆறு ஜோடிக்கு 4 வோல்ட் போகும். ஒரு ஆம்பியர் ஓடினால் 4 வாட் சூடு கிளம்பும், ஆகவே 3 ஆம்பியர் டையோடும் காற்றோட்டமும் தேவை. ரெசிஸ்டர் சரிவராது: எஞ்சின் இழுக்கும் கரண்ட்டைப் பொறுத்து அது குறைக்கும் அளவும் மாறும். தனி அடாப்டரில் இயங்கும் கன்ட்ரோலராக இருந்தால் இன்னும் நல்லது. அதன் கையேடு அனுமதிக்கும் குறைந்த வோல்ட் அடாப்டரை, பிஐஎஸ் பதிவு எண் பார்த்து வாங்கி மாற்றினாலே போதும். ரயில் தடம்புரண்டு ஷார்ட் ஆகும்போது துண்டிக்கும் கட்-அவுட்டை மட்டும் ஒருபோதும் பைபாஸ் செய்யாதீர்கள்.

பெட்டியைத் திறப்பதால் உரிமையும் போகும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவுப்படி, விபத்து நேரத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்கு தொடர முடியாது. கைவைக்காத பெட்டி பழுதானாலோ, அமெரிக்காவின் 120 வோல்ட் பெட்டியை ‘இங்கேயும் ஓடும்’ என்று சொல்லி விற்றிருந்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பழுதான பெட்டியை ரிப்பேருக்கும் கொடுக்காதீர்கள்; ஆணையம் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சொன்னால் அதுவே உங்கள் சாட்சி.