உயர் பின்னணிக் கதிர்வீச்சில் துகள் உணரிகளைச் சோதித்தல்: மின்தடைத் தகட்டு அறைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமைதியான ஆய்வகத்தில் குறையின்றி இயங்கும் துகள் உணரி, கதிர்வீச்சு மிகுந்த சூழலிலும் அதே திறனுடன் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. தேனி மாவட்டத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்திற்கென உருவாக்கப்பட்ட கண்ணாடித் தகட்டு அறையையும், செர்ன் ஆய்வு மையத்தின் சி.எம்.எஸ். கருவியில் உள்ள பேக்கலைட் தகட்டு அறையையும் ஒப்பிட்டு, இத்தகைய சோதனை எவ்வாறு நிகழ்த்தப்படுகிறது, அதன் முடிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துகள் உணரி, பின்னணிக் கதிர்வீச்சு, மின்தடைத் தகட்டு அறை, மியூயான், கண்டறிதிறன், மூப்புச் சோதனை

முன்னுரை

முதுநிலை இயற்பியல் மாணவர் அனைவரும் கைகர்–முல்லர் எண்ணியின் செயலற்ற நேரத்தை அளந்திருப்பர். ஒரு துகளைப் பதிவு செய்தபின் அடுத்ததை ஏற்க அவ்வெண்ணிக்கு ஏறத்தாழ 100 மைக்ரோநொடி தேவைப்படுகிறது எனக் கொள்வோம். நொடிக்கு 100 துகள்கள் நுழைந்தால் 99 எண்ணப்படும். இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. நொடிக்கு 10,000 நுழைந்தால் 5,000 மட்டுமே எண்ணப்படும். கருவி பழுதுபடவில்லை, சூழல்தான் மாறியது. உயர் பின்னணியில் உணரியைச் சோதித்தல் என்னும் துறை முழுவதற்கும் இந்த எளிய செய்முறையே வாயில் எனலாம். நம் கல்லூரிகளில் இச்செய்முறை ஒரு திருத்தக் காரணியைக் கணக்கிடுவதோடு முடிந்துவிடுகிறது என்பது குறை.

ஒரே உணரி, இரு சூழல்கள்

மின்தடைத் தகட்டு அறையின் அமைப்பு எளியது. மின்தடை மிகுந்த இரு தகடுகள். அவற்றிடையே பொதுவாக 2 மி.மீ. இடைவெளி; அதில் பாயும் வாயுக்கலவை; தகடுகளுக்கு இடையே ஏறத்தாழ 10,000 வோல்ட் மின்னழுத்தம். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று ஊடுருவும்போது வாயு அயனியாகி எலெக்ட்ரான் சரிவு தோன்றுகிறது. தகட்டின் மின்தடை அச்சரிவைச் சிறு பரப்பிற்குள் அடக்கிவிடுகிறது. அந்தப் பரப்பு மட்டும் சிறிது நேரம் மின்புலம் இழந்து, பின்னர் மெல்ல மீள்கிறது. உணரியைக் காப்பதும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் இந்த மின்தடையே.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தை அடுத்த போடி மேற்கு மலைக்கு அடியில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் இரும்புக் கலோரிமானிக்கு இத்தகைய அறைகள் ஏறத்தாழ 29,000 தேவை எனக் கணக்கிடப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மீட்டருக்கு 2 மீட்டர், தகடு கண்ணாடி. அதன் சிறு மாதிரியான 85 டன் கருவி மதுரையில் இயங்கி வருகிறது. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூயான் விழுகிறது. ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியிலோ இவ்வீதம் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். அங்கே உணரி துகளுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

செர்னின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் நிலைமை நேர்மாறானது. சி.எம்.எஸ். கருவியின் முனைப்பகுதியில் 2013–2014 காலத்தில் சேர்க்கப்பட்ட மின்தடைத் தகட்டு அறைகளுள் ஒரு பகுதி மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் உருவானவை. இவற்றின் தகடு பேக்கலைட். மோதல் வீதம் பன்மடங்கு உயரவுள்ள அடுத்த கட்டத்தில், மும்மடங்கு பாதுகாப்புக் காரணியையும் சேர்த்து, சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 600 பின்னணித் துடிப்புகளை இவை தாங்க வேண்டும் என வரையறுக்கப்பட்டுள்ளது. இப்பின்னணியின் பெரும்பகுதி நியூட்ரான்களாலும், அவை பொருள்களில் உட்கவரப்படும்போது எழும் காமாக் கதிர்களாலும் விளைகிறது.

கண்ணாடி அறையை அப்படியே எடுத்துச்சென்று சி.எம்.எஸ். கருவியில் பொருத்தினால் என்ன? ஒரு துடிப்புக்குச் சராசரியாக 25 பிக்கோகூலும் மின்னூட்டம் எனக் கொண்டால், 600 துடிப்புகளுக்கு மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 15 நானோஆம்பியர். இது தகடுகளின் வழியே பாயும்போது மின்னழுத்தத்தில் ஒரு பகுதி தகடுகளிலேயே இழக்கப்படும். மின்தடை எண் 10¹⁰ ஓம் செ.மீ., தடிமன் 2 மி.மீ. உடைய இரு பேக்கலைட் தகடுகளில் இவ்விழப்பு 60 வோல்ட். சற்றே கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து ஈடுசெய்துவிடலாம். மின்தடை எண் 10¹² ஓம் செ.மீ., தடிமன் 3 மி.மீ. உடைய இரு கண்ணாடித் தகடுகளிலோ இழப்பு 9,000 வோல்ட். கொடுத்த மின்னழுத்தம் ஏறத்தாழ முழுவதும் தகடுகளிலேயே போய்விடும் என்பது இதன் பொருள். நடைமுறையில் மின்னழுத்தம் குறையக் குறையச் சரிவும் சிறுத்து ஒரு சமநிலை உண்டாகும். ஆயினும் அந்நிலையில் உணரி பெரும்பாலும் குருடாகவே இருக்கும். மலைக்கு அடியில் கண்ணாடி பொருத்தமான தேர்வு. மோதுவியில் அது பயன்படாது.

சோதனை அமைப்பு

அண்டக்கதிர் மியூயான்களைக் கொண்டு செய்யும் சோதனை இவ்வேறுபாட்டை ஒருபோதும் காட்டாது. பின்னணியும், அதனின்று தெளிவாகப் பிரித்தறியத்தக்க குறித்துகளும் ஒரே நேரத்தில் தேவை. செர்னில் 2015 முதல் இயங்கும் ஜிஃப்++ என்னும் காமாக் கதிரூட்டு நிலையம் இதற்கென அமைந்தது. ஏறத்தாழ 14 டெராபெக்கரெல் செயல்பாடுடைய சீசியம்-137 மூலம் 662 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் காமாக் கதிர்களைப் பொழிய, அதே அறையினூடே ஏறத்தாழ 100 கிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய மியூயான் கற்றை செல்கிறது. இதற்கு முன்னிருந்த நிலையத்தின் மூலம் 0.74 டெராபெக்கரெல் மட்டுமே. மூலத்தின் முன் நகரும் வடிகட்டிகளைக் கொண்டு கதிரடர்த்தியை 46,000 மடங்கு வரை குறைக்கலாம். ஆகவே ஒரே உணரியை, ஒரே இடத்தில் வைத்து, பின்னணியை மட்டும் படிப்படியாக மாற்ற இயலும். கோபால்ட்-60 கொண்டிருந்தால் சுமார் ஐந்தேகால் ஆண்டுகளில் மூலம் பாதியாகியிருக்கும். சீசியத்தின் அரை ஆயுட்காலம் 30 ஆண்டுகள் என்பதால் பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ 11 டெராபெக்கரெல் எஞ்சும்.

அளவீட்டில் ஒரு பொறி உண்டு. 10,000 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள அறையில் மேற்கூறிய வீதப்படி நொடிக்கு 60 இலட்சம் பின்னணித் துடிப்புகள் எழும். மியூயான் வந்ததாகப் பிற உணரிகள் அறிவித்த தருணத்தைச் சுற்றி 25 நானோநொடிச் சாளரத்தில் துடிப்பு உள்ளதா எனப் பார்த்தால், அச்சாளரத்தில் தற்செயலாக ஒன்றேனும் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு. மியூயானையே அறியாத உணரிகூட 14 விழுக்காடு கண்டறிதிறன் உடையதாகத் தோன்றும்! மெய்த்திறன் 90 விழுக்காடாக இருப்பின் 91.4 எனக் காட்டும். பின்னணி கூடக் கூட உணரி மேம்படுவது போன்ற மாயையும் எழலாம். எனவே துடிப்பின் நேரம் மட்டும் போதாது; மியூயானின் தடம் அறையைக் கடக்கும் இடமும் துடிப்பு எழுந்த இடமும் பொருந்த வேண்டும். கற்றை இல்லாத வேளையில் தற்செயல் வீதத்தைத் தனியே அளந்து கழிக்கவும் வேண்டும். கண்டறிதிறனை வெளியிட்டுவிட்டு இக்கழிப்பு முறையைக் கூறாத ஆய்வுரையின் எண்ணை ஏற்பதற்கில்லை.

காலத்தைச் சுருக்குதல்

கண்டறிதிறன் ஒரு நாள் அளவீடு. பத்தாண்டு உழைத்தபின் அது என்னவாகும் என்பதே கடினமான வினா. சி.எம்.எஸ். அறைகளுக்கு, பாதுகாப்புக் காரணியுடன், சதுர சென்டிமீட்டருக்கு 840 மில்லிகூலும் மொத்த மின்னூட்டம் இலக்காக வைக்கப்பட்டது. மேலே கண்ட 15 நானோஆம்பியர் ஓட்டத்தில் இதனை எட்ட இடையறாத 648 நாள்கள் போதும். அச்சோதனை 2016-இல் தொடங்கியது. ஒரே வகை அறைகள் இரண்டில் ஒன்று தொடர்ந்து கதிரூட்டப்பட, மற்றது ஒப்பீட்டுக்காக அவ்வப்போது மட்டும் இயக்கப்பட்டது. கோடை வெப்பம், வாயு அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றால் நேரும் மாற்றத்தை மூப்பு எனத் தவறாகக் கொள்ளாதிருக்க இந்த இணையறையே துணை.

ஆயினும் மொத்த மின்னூட்டம் ஒன்றே காலத்தின் அளவுகோல் ஆகாது. வாயுக்கலவையில் 95 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது ஆர்-134ஏ. கார்க் குளிரூட்டிகளில் பயன்படும் அதே வாயு. மின்சரிவில் இது சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு உண்டாகிறது. விரைவுச் சோதனையில் அது விரைவாக உற்பத்தியாகும். வாயுவோட்டத்தை அதற்கேற்ப உயர்த்தாவிடில், இயல்பான பயன்பாட்டில் நேராத அரிப்பு சோதனையில் நேரும். மறுபுறம், பேக்கலைட் ஈரமிழந்து அதன் மின்தடை உயர்வது நாள்கணக்கைச் சார்ந்தது. கதிரூட்டை விரைவுபடுத்தியதால் மட்டும் அது முழுமையாக வெளிப்படாது. வாயுவில் 40 விழுக்காடு அளவில் ஈரப்பதம் சேர்ப்பதும், அறையில் ஆர்கானை நிரப்பித் தகட்டின் மின்தடையை அவ்வப்போது அளப்பதும் இதனால்தான்.

கதிர்வீச்சைக் காட்டிலும் வெப்பம் கொடியது என்பதற்கு அமெரிக்காவின் பாபார் ஆய்வு சான்று. 1999-இல் அது தொடங்கிய முதற்கோடையிலேயே அறைகளின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியசைக் கடந்தது. தகட்டின் உட்பரப்பை வழவழப்பாக்கப் பூசப்பட்டு, முழுமையாக உலராதிருந்த ஆளிவிதை எண்ணெய் துளிகளாகத் திரண்டது, கண்டறிதிறன் சரிந்தது, பின்னர்ப் பல அறைகளை மாற்ற நேர்ந்தது. எந்தக் காமா மூலமும் இக்குறையை முன்னறிவித்திருக்காது. மதுரை வெயிலில் கருவி அமைப்போர் இதனை மறத்தலாகாது.

நியூட்ரானும் காமாவும்

சீசியம் மூலம் நியூட்ரான்களைத் தருவதில்லை. அவற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். திண்டிவனத்துக்கு வடகிழக்கே, கடற்கரையில் உள்ள கல்பாக்கத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே நியூட்ரானே குறித்துகள், காமாவே பின்னணி. வேக உலையின் நியூட்ரான் உணரிகள் சூடான சோடியத்தின் அருகே, சோடியம்-24 உமிழும் வலிய காமாக் கதிர்களிடையே இயங்க வேண்டும். அவற்றைச் சோதிக்க, யுரேனியம்-233 எரிபொருளில் 1996 முதல் இயங்கும் 30 கிலோவாட் காமினி உலை பயன்படுகிறது. துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கும் உயர் வீதத்தில் எண்ணுதலைக் கைவிட்டு, மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கேம்பெல் முறை கையாளப்படுகிறது. ஏற்ற இறக்கத்தின் அளவு மின்னூட்டத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. அணுப்பிளவுத் துடிப்பு காமாத் துடிப்பைப்போல் 100 மடங்கு பெரியதெனில், சராசரி மின்னோட்டத்தில் ஒரு பிளவு 100 காமாக்களுக்கு ஈடு. கேம்பெல் முறையில் 10,000 காமாக்களுக்கு ஈடு.